மாட்டுப் பவுண்டில் ஒரு புட்பால் டீம்

எங்கள் டீம் ஆடக் கற்றுக்கொண்டது மாட்டுப் பவுண்டில். சிரிக்க வேண்டாம், முதல் நாள் நானும் சிரித்தேன். அடுத்தவன் பயிரில் வாய் வைத்த மாட்டைப் பிடித்து வந்து அடைத்து, சொந்தக்காரன் அபராதம் கட்டின பிறகே வெளியே விடுகிற சர்க்கார் பட்டிக்கு எங்கள் பக்கத்தில் பவுண்டு என்று பெயர். ஆவடியிலிருந்து கோவில்பதாகை போகிற வழியில், ஏரிக்கரைக்குச் சற்று முன்னால் அது இருக்கிறது. நான்கு பக்கமும் மார்பளவுச் சுவர். ஒரே வாசல். வாசலுக்கு மூங்கில் படல். ஒரு மூலையில் கல்தொட்டி. சுமாராக உதைக்கத் தெரிந்தவன் இந்தச் சுவரண்டை நின்று உதைத்தால் பந்து எதிர்ச் சுவரைத் தாண்டிவிடும். அவ்வளவுதான் இடம்.

அங்கே ஏன் போனோம் என்றால், யுத்தம் வந்தது, யுத்தத்தோடு மிலிட்டரி வந்தது. முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் ஆரம்பித்த முள்கம்பி நீண்டுகொண்டே வந்து, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் எங்கள் மேய்ச்சல் வெளி, பனந்தோப்பு, ஊராருடைய நிலம் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டது. எங்கள் வேர்க்கடலைக் கொல்லையும் அதோடு போயிற்று. மேய்ச்சல் இல்லையென்றதும் மாடுகளை விற்றார்கள். மாடு குறைந்த ஊரில் பவுண்டுக்கு என்ன வேலை? அது காலியாகக் கிடந்தது. அதே மேய்ச்சல் வெளியில் பந்து உதைத்துக்கொண்டிருந்த பையன்களும் போக்கிடமில்லாமல் திரிந்தார்கள்.

நிலம் கொடுத்த வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் கம்பிக்குள் வந்த மிலிட்டரி லாரி டிப்போவில் ஒரு வேலை என்றார்கள். எங்கள் வீட்டில் படித்த பிள்ளை நான். பட்டணத்தில் இன்டர்மீடியட் முடித்து, காலேஜ் டீமில் வலது ஓரத்தில் ரைட் அவுட் ஆடி, உடற்பயிற்சி ஆசிரியர் படிப்புக்கு இடமும் வாங்கிப் பெட்டி கட்டி வைத்திருந்தவன். கட்டின பெட்டியை அப்பாதான் அவிழ்த்தார்.

"சண்ட முடியறவரைக்கும் அங்க போய்க் குந்து. சர்க்காரு வேலடா. சும்மாவா குட்த்தான்? நெலத்த துன்னுட்டு இல்ல குட்த்தான்!"

"நைனா, பந்தாட்டம் சொல்லிக்குடுக்கறதுக்குன்னே ஒரு படிப்பு கீது. அதுக்கும் சம்பளம் உண்டு."

"பந்து ஒதைக்கறதுக்குப் படிப்பு, அதுக்கு ஒரு சம்பளம். போடா."

போய்க் குந்தினேன். யுத்தகாலச் சட்டப்படி டிப்போவில் சேர்ந்தவன் மேலதிகாரி விட்டாலொழிய விலக முடியாது என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. காலையில் சங்கு ஊதும், கேட் திறக்கும், எல்லோரும் உள்ளே போனதும் மூடிவிடும். சாயங்காலம் மறுபடி சங்கு ஊதும் வரைக்கும் தகரக் கொட்டகைக்குள் லாரிச் சாமான்களுக்குக் கணக்கு எழுதுவது என் உத்தியோகம். வெயில் ஏறினால் தகரம் டப்டப்பென்று வெடிக்கும். ஜன்னல் வழியே எங்கள் வேர்க்கடலைக் கொல்லை தெரியும். வரப்பை வெட்டிச் சமப்படுத்தி, சுண்ணாம்புக் கோடு போட்டு, இரண்டு பக்கமும் கோல்போஸ்ட் நட்டு, அதை சோல்ஜர்களின் புட்பால் மைதானமாக்கி வைத்திருந்தார்கள். அநேக நாள் அதில் ஒருவரும் ஆடுவதில்லை. காலியாகக் கிடக்கிற மைதானத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு மேசைக்கடியில் காலை ஆட்டிக்கொண்டிருப்பது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று ஆட்டக்காரனைக் கேட்டால்தான் தெரியும்.

அந்தக் கால் அரிப்பில்தான் பையன்களைச் சேர்த்தேன். பத்து வயதுக்கு மேல், மீசை அரும்புவதற்கு முன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் ஊர்ப் பிள்ளைகள். பாதிப் பேர் சேரிப் பிள்ளைகள். கோயில் வெளியில் ஆடலாமே என்றார் அப்பா. ஆடலாம், டீமில் பாதியை வெளியே நிறுத்திவிட்டு. பவுண்டில் அந்தத் தொல்லை இல்லை. மாடு எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் பவுண்டு வேண்டாம் என்று சொன்னதில்லையே.

பவுண்டுக்கு ஒரு காவல்காரர் உண்டு. மாடு வராவிட்டாலும் சம்பளம் வந்ததால், தினமும் படலண்டையில் கோலை ஊன்றிக்கொண்டு நின்றிருப்பார். எங்களை உள்ளே விட ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"படல மட்டும் தொறக்கக்கூடாது. தொறந்து கெடந்தா மேலாளு வந்து என்னியக் கேப்பான்."

"உள்ளதான் மாடே இல்லியேண்ணா?"

"மாடு இல்லாங்காட்டி இன்னா? படலு கீதில்ல?"

ஆகவே நாங்கள் எல்லோரும் சுவர் ஏறிக் குதித்து உள்ளே போவோம், சுவர் ஏறிக் குதித்து வெளியே வருவோம். படல் மூடியபடியே இருக்கும். டிப்போவில் ஒரு கேட். அதிலிருந்து தப்பி வந்தால் இங்கே ஒரு படல்.

முதல் வாரம் காலேஜில் எங்களுக்கு நடந்ததை அப்படியே இவர்களுக்கும் நடத்தினேன். வரிசையாக நிறுத்துவது, ஒவ்வொருவனாக வந்து பந்தை உதைப்பது, உதைத்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் நிற்பது. எங்களிடம் ஒரே ஒரு தோல் பந்து. யுத்த காலத்தில் உள்ளே போடுகிற ரப்பர் பிளாடர் புதிதாகக் கண்ணில் படாது. ஒட்டின்மேல் ஒட்டாகப் போட்டு அதை உயிரோடு வைத்திருந்தோம். ஒருவன் உதைக்கும்போது மற்றவர்கள் சுவரில் ஓணான் பார்த்தார்கள். எங்கள் டீமில் ஒரு வாயாடி இருந்தான். அவன்தான் வரிசையின் நடுவிலிருந்து கத்தினான்.

"அண்ணாத்தே, இது ரேஷன் கடை கியூ மாதிரி கீது. என் மொற வரசொல்ல பந்து தீந்துபூட்டா இன்னா பண்றது?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்ததில் கோபம் இறங்கி அவன் சொன்னது உறைத்தது. ஒரு மணி நேரப் பயிற்சியில் ஒரு பையனுடைய கால் பந்தைத் தொட்டது விரல்விட்டு எண்ணுகிற தடவைதான். மற்ற நேரமெல்லாம் நிற்பதற்குத்தான் பயிற்சி கொடுத்திருக்கிறேன்! காலைச் சும்மா வைத்திருப்பதற்குத்தான் எனக்கு டிப்போ இருக்கிறதே.

மறுநாள் ஆளுக்கொரு பந்து. கந்தல் துணியை இறுக்கி உருண்டை பிடித்து மேலே சணல் சுற்றியது. டிப்போவில் பெட்டி பிரித்துப் போட்ட சணலை நான்தான் சட்டைப் பைக்குள் அடைத்துக்கொண்டு வந்தேன். துணிப்பந்து துள்ளாது, ஆனால் காலுக்குப் படியும். ஆளுக்கொரு துண்டுச் சுவர். உட்பாதத்தால் சுவரில் தட்டு, திரும்பி வருவதை நிறுத்து, மறுபடி தட்டு, இப்போது மற்றக் காலால். பந்தைப் பார்க்காதே, என் கையில் எத்தனை விரல் நீட்டியிருக்கிறேன் பார்த்துச் சொல். முதலில் எல்லோருக்கும் பந்து தொலைந்தது. கொஞ்ச நாளில் தலையை நிமிர்த்திக்கொண்டே தட்டப் பழகினார்கள்.

நான் பேசுவதையும் குறைத்தேன். இது லேசில்லை, எனக்கு வாய் ஓயாது. ஆட்டத்தின் நடுவே கைதட்டினால் எல்லோரும் இருந்த இடத்தில் அப்படியே நிற்க வேண்டும். "எங்கடா காலி?" என்று மட்டும் கேட்பேன். அவர்களே சுற்றிப் பார்த்து, "தோ, தொட்டியாண்ட காலி" என்பார்கள். அவர்கள் கண்ணால் கண்டுபிடித்த காலி இடம் மறுநாளும் நினைவிருந்தது. நான் சொல்லிக்கொடுத்த காலி இடம் அன்றைக்கே மறந்துபோயிற்று.

அவர்களுக்கு ரொம்பப் பிடித்தது 'மாடு' ஆட்டம். சுவரோரமாக மூன்று நான்கு பேர், நடுவில் ஒருவன். நடுவில் இருக்கிறவன்தான் மாடு. மற்றவர்கள் அவனிடம் அகப்படாமல் பந்தைத் தங்களுக்குள் தட்டிக்கொள்ள வேண்டும். பறிகொடுத்தவன் அடுத்த மாடு. ஒரு தரம் அம்மா என்று கத்திவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். காவல்காரர் படலுக்கு வெளியிலிருந்து, "அபராதம் கட்டாம எவனையும் வுடாதீங்கோ!" என்று குரல் கொடுப்பார். கோல் காக்கிற நெட்டைப் பையன் முதலில் நாள் முழுக்க மாடாகவே இருந்து அழுதிருக்கிறான். அவனைக் கேலி செய்தால் தோல் பந்தைத் தொடவிட மாட்டேன் என்றேன். அன்றிலிருந்து கேலி நின்றது, அவனும் தேறினான்.

ஒரு நாள் சுவர் ஏறினால் உள்ளே நிஜமான மாடு. நசரத்பேட்டை வண்டிக்காரர் ஒருவருடைய எருது, வழியில் அவிழ்த்துக்கொண்டு யாருடைய கத்தரித் தோட்டத்திலோ இறங்கிவிட்டதாம். நட்ட நடுவே அசையாமல் நின்றது. இன்று ஆட்டமில்லை என்று நான் நினைத்தேன். எங்களில் இடதுகால் பழக்கமுள்ள பையன் ஒருவன் இருந்தான், அதிகம் பேசமாட்டான், அவனுடைய அப்பா முன்பு எங்கள் கொல்லையில் ஏர் ஓட்டிவிட்டு இப்போது டிப்போவில் மூட்டை தூக்குகிறார். அந்தப் பையன் பந்தைத் தட்டிக்கொண்டு நேராக எருதை நோக்கிப் போனான். பக்கத்தில் போனதும் பந்தை இடது பக்கச் சுவரில் சாய்வாகத் தட்டினான். பந்து சுவரில் பட்டு எருதுக்குப் பின்பக்கம் வந்தது. அவன் எருதின் வலது பக்கமாக ஓடி அதைச் சந்தித்தான். எருது தலையை மட்டும் திருப்பி, போனது யார் என்று பார்த்தது.

ஒருவனிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய்த் திரும்ப வாங்கு என்று நான் பல நாளாகத் தொண்டை கட்டச் சொன்னதை எருது ஒரு நொடியில் புரியவைத்துவிட்டது. அன்று இருட்டும் வரை எல்லோரும் எருதைச் சுற்றியே ஆடினார்கள். அபராதம் கட்டி ஓட்டிப் போக வந்த வண்டிக்காரர் சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

"அடப் பாவிங்களா! என் மாட்டண்ட இன்னாடா பண்ணிக்கினு கீறீங்கோ?"

"உன் மாடு சோக்கா மறிச்சி பேக் ஆடுது மாமே," என்றான் வாயாடி. "டீம்ல சேத்துக்கறோம். நீ மட்டும் போ."

ஒரு விதியை மட்டும் நான் கண்டிப்பாக வைத்திருந்தேன். பந்து முழங்காலுக்கு மேலே எழும்பக்கூடாது. மேற்குச் சுவருக்கு அப்பால் முள்கம்பி. கம்பிக்குள் விழுந்த பந்து போனதுதான். தூக்கி உதைத்தவனை அன்றைய ஆட்டம் முடியும் வரை தொட்டியின்மேல் உட்காரவைத்தேன். பையன்கள் பந்தைத் தரையோடு தைத்து வைத்தாற்போல ஆடப் பழகினார்கள். சுவருக்கும் சுவருக்கும் நடுவே, நாலைந்து தட்டலில், எந்தக் கூட்டத்துக்குள்ளிருந்தும் வெளியே வந்தார்கள். பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இருந்தும் ஒரு நாள் பந்து கம்பிக்குள் போயிற்று. உதைத்தவன் வேறு யாருமில்லை, நான்தான். இப்படிச் சுழற்றணும் என்று காட்டப்போனேன். அங்கே காவலுக்கு நின்ற சென்ட்ரி பந்தைப் பொறுக்கி டிப்போவுக்குள் அனுப்பிவிட்டான். பையன்கள் என்னைத் தொட்டியின்மேல் உட்காரவைத்தார்கள்.

மறுநாள் காலை டிப்போவில் விளையாட்டுக் காரியங்களைக் கவனித்த வெள்ளைக்கார சார்ஜென்டிடம் போய் நின்றேன். பந்து அவர் மேசைமேல் இருந்தது. ஒட்டுகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சைக்கிளில் போகும்போது கம்பி வழியாக எங்களைப் பார்த்திருக்கிறார், மாட்டைக்கூடப் பார்த்திருக்கிறார். எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. பந்தோடு மைதானத்தையும் கேட்டேன், வாரத்தில் இரண்டு சாயங்காலம். அவர் சிரித்துவிட்டு யோசித்தார். டிப்போ பட்டறையில் தொழில் பழகும் பையன்கள் ஒரு டீம் வைத்திருந்தார்கள். அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கத்துப் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு ஆடுங்கள், தோற்காவிட்டால் இரண்டு சாயங்காலமும் உங்களுக்கு, சமமாக முடிந்தாலும் சரி என்றார். தோற்றால் மறுபடி இந்தப் பேச்சை எடுக்கக்கூடாது.

கை கொடுத்துவிட்டுப் பந்தை வாங்கிக்கொண்டு வந்தேன். எனக்கு வேண்டியதெல்லாம் அந்த மைதானம்தான். டிப்போவை விட்டு வெளியே போகத்தான் முடியவில்லை. டிப்போவுக்குள்ளேயாவது ஓடுவதற்கு ஓர் இடம் வேண்டாமா? வீட்டில் சொன்னதும் அப்பா சோற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எந்த மைதானம்?"

"நம்ம கொல்ல, நைனா."

"அப்டிச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை கேட்டைத் திறந்து ஊராரையும் உள்ளே விட்டார்கள். கம்பி போட்ட பிறகு அவர்கள் அந்த மண்ணை மிதிப்பது அதுதான் முதல் தடவை. ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் பாதி; நிலத்தைப் பார்க்க வந்தவர்கள் பாதி. எங்கள் பையன்கள் மைதானத்தின் நடுவில் போய் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். வாயாடிக்குக்கூட வாய் அடைத்துவிட்டது.

ரெப்ரியாக நின்ற சார்ஜென்ட் விசில் ஊதியதும் தெரிந்துவிட்டது. அவ்வளவு பெரிய மைதானத்தில் எங்கள் பையன்கள் எல்லோரும் நடுவில், ஒரு பவுண்டு அகலத்துக்குள், ஒட்டிக்கொண்டு ஓடினார்கள். எதிர் டீம் பையன்கள் கெட்டிக்காரர்களில்லை. பந்து கிடைத்தால் தூக்கி ஓங்கி உதைத்துவிட்டுப் பின்னால் ஓடுவார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பந்து எங்கள் கூட்டத்தின் தலைக்குமேல் போய் விழுந்த இடத்தில் எங்கள் ஆள் ஒருவன்கூட இல்லை. இரண்டு கோல் அப்படியே விழுந்தது. எங்கள் காலில் பந்து இருந்தபோதெல்லாம் அழகாகத்தான் ஆடினோம். என்ன பிரயோசனம்? இடதுகால் பையன் ஓரமாகப் போனான். எதிரி ஒருவன் மறித்தான். இவன் பந்தைச் சாய்வாக வெளிப்பக்கம் தட்டிவிட்டு அவனைச் சுற்றி முன்னால் ஓடித் திரும்பி நின்றான், பந்து வரும் என்று. பந்து சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அங்கே சுவர் இல்லை.

சோல்ஜர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதையே மறுபடி செய்தான். மூன்றாவது தரமும் செய்தான்.

இடைவேளையில் ஓடினேன். "டேய், இன்னாடா ஆச்சு ஒனக்கு? இங்க செவுரு இல்லடா!"

"தெரியுது அண்ணாத்தே," என்றான், மூச்சு வாங்க. "எனக்குத் தெரியுது. காலுக்குத் தெர்ல."

விரிந்து ஆடுங்கள், ஓரத்துக்கு ஓடுங்கள் என்று கத்தினேன். தலையாட்டினார்கள். சுவர் ஓரத்திலேயே வளர்ந்தவனுக்கு ஓரம் என்றால் சுவர் என்றுதான் அர்த்தம். விரிவது என்றால் என்ன என்று காட்ட இத்தனை நாளும் என்னிடம் ஒரு முழம் இடம் இருந்ததா? போதாததற்கு நெட்டைப் பையன் கேட்டான், "ஒசர ஒதைக்கலாமா அண்ணாத்தே?" "ஒதைடா, ஒதை!" என்றேன். நம்பாமல் பார்த்தான்.

இரண்டாவது பாதி ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் கழித்து ஒரு வேடிக்கை நடந்தது. அதுவரை கோட்டுக்கு வெளியே இருந்த ஊர்க்கூட்டம் சிறிது சிறிதாக உள்ளே வந்துவிட்டிருந்தது. நெருக்கியடித்துக்கொண்டு அல்ல, ஒழுங்காக, நூல் பிடித்தாற்போல ஒரே வரிசையில். இருபுறமும் வெள்ளைக் கோட்டுக்கு நன்றாக உள்ளே நின்றிருந்தார்கள். முன் வரிசையில் அப்பா. அவருக்குப் பக்கத்தில் பழக்கதோஷத்தில் கோலை ஊன்றிக்கொண்டு பவுண்டுக் காவல்காரர். ஏன் அங்கே நிற்கிறார்கள் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. அப்புறம் பார்த்தேன்: அது எங்கள் கொல்லைக்கும் அக்கம்பக்கத்து நிலங்களுக்கும் நடுவே பழைய வரப்பு இருந்த இடம். மண்ணை வெட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள், ஆனால் நடந்து பழகினவர்களுக்குத் தெரியாதா? அந்தந்த நிலத்துக்காரர் அவரவர் வரப்பின்மேல் நின்றுகொண்டிருந்தார்கள்.

மைதானம் குறுகிவிட்டது. எங்கள் பையன்களுக்கு உயிர் வந்துவிட்டது! இருபுறமும் காலும் வேட்டியுமாகச் சுவர். தட்டு, நகரு, தட்டு. எதிர் டீம் பையன்கள் நட்ட நடுவில் மாடு மாதிரி நின்றார்கள். வாயாடிக்குக் குரல் திரும்பி வந்தது. "அம்மான்னு கத்துடா மச்சான், அப்பதான் வுடுவோம்!" சோல்ஜர்கள் இப்போது எங்களுக்குக் கைதட்டினார்கள். வாயாடி ஒரு கோல் போட்டான். நல்ல, சுத்தமான கோல். இன்னும் ஒன்று போட்டால் சமம். சமமானால் மைதானம். கோட்டோரமாக ஓடி ஓடிக் கத்தியதில் என் தொண்டை போய்விட்டது.

அந்த இன்னொன்றும் விழுந்தது. இடதுகால் பையன் ஓரமாக வந்தான், ஒருவன் மறித்தான். இவன் பந்தைச் சாய்வாகத் தட்டினான். அது காவல்காரருடைய கணுக்காலில் பட்டு, கோலில் பட்டு, மறித்தவனுக்குப் பின்னால் வந்தது. பையன் சுற்றி ஓடி எடுத்து ஒரே அடி. வலை குலுங்கியது.

சார்ஜென்ட் விசில் ஊதினார். கோலுக்கு அல்ல. வெளியாள் காலில் பட்ட பந்து செல்லாது. அவர் சொன்னது நியாயம். காவல்காரர்தான் விடவில்லை. "நானா உள்ள வந்தேன்? அதுதான்யா எங்கால்ல வந்து பட்டுச்சி! என் பவுண்டு புள்ளங்கோ அவுங்கோ!" அதற்குள் சார்ஜென்ட் கோடு எங்கே, கூட்டம் எங்கே என்று பார்த்துவிட்டார். சென்ட்ரிகளை அழைத்தார். அவர்கள் கயிற்றைக் குறுக்கே பிடித்துக்கொண்டு கூட்டத்தை வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் தள்ளிப்போனார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை, ஆட்டைத் தள்ளுவதுபோலத் தள்ளினார்கள். அப்பா கடைசியாக நகர்ந்தார். கயிறு வயிற்றில் இடிக்கும் வரைக்கும் நின்றார்.

"வரப்பு மேலதானேப்பா நிக்கிறேன். ஒன் வெளையாட்டுல எங்கப்பா நின்னேன்?"

அந்த சென்ட்ரிக்குத் தமிழ் தெரியாது.

மைதானம் மறுபடி அகன்றுவிட்டது. பையன்கள் மறுபடி நடுவில் ஒட்டிக்கொண்டார்கள். இன்னொரு பந்து தலைக்குமேல் பறந்தது; இன்னொரு கோல் விழுந்தது. மூன்றுக்கு ஒன்று. முடிந்துவிட்டது.

சார்ஜென்ட் எனக்குக் கை கொடுத்தார். இந்த வயதில் இப்படிப்பட்ட கால்களைத் தான் பார்த்ததில்லை என்றார். ஆனால் மைதானம் எங்கே இருக்கிறது என்று அந்தக் கால்களுக்குத் தெரியவில்லையே என்றார். பேச்சு பேச்சுதான். இரண்டு சாயங்காலமும் போயிற்று. மறுநாள் காலை சங்கு ஊதியது, கேட் திறந்தது, உள்ளே போனேன், கேட் மூடியது. ஜன்னல் வழியே மைதானம் காலியாகக் கிடந்தது.

சாயங்காலம் பவுண்டுக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்று எண்ணிக்கொண்டு போனேன். எல்லோரும் வந்திருந்தார்கள். சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போல மாடு ஆட்டம் ஆரம்பிக்கச் சொன்னேன். ஆரம்பித்தார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு மூச்சு முட்டியது. நேற்றுவரை எது பெருமையாக இருந்ததோ அதுவே, அந்த இறுக்கமான, நேர்த்தியான தட்டல். இவர்களை இன்னும் நேர்த்தியாக்கினால் இன்னும் கெட்டியாக இதே சுவருக்குள்தான் இருப்பார்கள். கைதட்டினேன். எல்லோரும் நின்றார்கள்.

"எங்கடா காலி?"

தொட்டியாண்ட என்றான் ஒருவன். மூலையாண்ட என்றான் இன்னொருவன். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். இடதுகால் பையன் படலுக்கு அப்பால் கையைக் காட்டினான். வண்டிப்பாதை, அதைத் தாண்டி அறுப்பு முடிந்த வயல், வயல் ஓடி முடிகிற இடத்தில் ஏரிக்கரை. மழை வரும்வரை அங்கே நடவு இல்லை.

காவல்காரரிடம் போனேன். "அண்ணா, படலத் தொறக்கணும்."

"இன்னா பேசற நீ? மேலாளு வந்தா?"

"வந்தா மாடு ஓடிப்பூட்ச்சின்னு சொல்லு."

அவர் என்னைப் பார்த்தார், பையன்களைப் பார்த்தார், நேற்று பந்து பட்ட கணுக்காலைத் தடவிக்கொண்டார். "நேத்து அது கோலுதானடா?" என்று கேட்டார்.

"கோலுதாண்ணா."

முளையைப் பிடுங்கினார். படல் கீச்சிட்டுக்கொண்டு திறந்தது. எத்தனை நாளாக மூடிக் கிடந்ததோ, அடியில் கறையான் மண் உதிர்ந்தது. நான் தோல் பந்தை எடுத்து வாசலுக்கு நேரே வைத்து, நெட்டைப் பையனைக் கூப்பிட்டு, "ஓங்கி ஒதை. ஒசரவே ஒதை" என்றேன். சந்தேகத்தோடு இரண்டடி பின்னால் போய் வந்து உதைத்தான். பந்து வாசல் வழியே பறந்து வண்டிப்பாதையைத் தாண்டி வயலில் விழுந்து, தாளடிமேல் குதித்துக் குதித்து ஓடியது.

ஒருவனும் நகரவில்லை. எல்லோரும் வாசலண்டை வந்து, படல் இருந்த கோட்டில், தாமாகவே நின்றுவிட்டார்கள். இடதுகால் பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணாத்தே, பந்து போய்க்கினே கீது."

"போவட்டும். நீயும் பின்னாலயே போ. அது நிக்கற எடம் வரைக்கும் போ."

பாதையில் லாரி வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தான். அப்புறம் ஓடினான். முதலில் நேராக, பவுண்டு அகலத்துக்குள்ளேயே. வயலில் கால் வைத்ததும் சற்றே இடதுபக்கமாக விலகி, இன்னும் விலகி. மற்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு அவன் பின்னால் வாசலை விட்டு வழிந்தார்கள். காவல்காரர் கோலை ஓங்கி, "ஏய், அந்த மாடு போவுது பாரு, புடிங்கடா!" என்று கத்திக்கொண்டே சிரித்தார்.

இதை எழுதும்போது யுத்தம் முடிந்துவிட்டது. பெட்டியை நான் இன்னும் மறுபடி கட்டவில்லை. விலகக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. சங்கு ஊதுகிறது, கேட் திறந்து மூடுகிறது. மழை நாலு மாதம் வயலை எடுத்துக்கொண்டால் சுவருக்குள் தட்டுகிறோம். அறுப்பு முடிந்ததும் படலைத் திறந்துகொண்டு போகிறோம். படலை முதல் தடவை திறந்த அன்று மட்டும் நான் வாசலைத் தாண்டவில்லை. திறந்த படல் காற்றில் தானாகத் திரும்பி வந்து மூடப் பார்த்தது, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "அகலமா! இன்னும் அகலமா!" என்று கத்திக்கொண்டு நின்றேன்.